மார்கழிக் குளிருக்கு மஃப்ளர் வேண்டாம், கழுத்து உறை தைப்போம்



கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டால், நம் ஊரில் இரண்டு வகையினர் இருட்டோடு வீட்டை விட்டு இறங்குகிறார்கள். ஃபஜ்ர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடக்கும் பெரியவர்கள் ஒரு வகை. காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஜி.எஸ்.டி. சாலைக்கும் ஒரகடம் சாலைக்கும் வந்து நிற்கும் நம் பிள்ளைகள் இன்னொரு வகை. பஸ் வராத தெருக்களில் இருப்பவர்கள் மோட்டார் சைக்கிளிலேயே போகிறார்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை அந்தச் சாலை சுமார் 25 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் ஏரியும் வெட்டவெளியுமாக இருக்கும் இடங்களில் விடியற்காலைப் பனி முகத்தில் அறையும்.

நம் ஊர்க் குளிர் ஒரு குளிரா என்று வடநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் சகோதரர்கள் சிரிப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான்; அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். சாதாரண மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் வண்டி தனக்கென்று ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு, இலை அசையாத விடியலிலும், முகத்திலும் கழுத்திலும் 50 கிலோமீட்டர் வேகக் காற்று. காது வலியும் தலைபாரமும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று நேராக நெஞ்சுக்குள் போனால் இழுப்பு கிளம்பும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்றே சூடாகிப் போகும். பனியில் தலை நனைந்தால் காய்ச்சல் வரும் என்பது வேறு பேச்சு. சளிக் காய்ச்சல் கிருமியால் வருவது, குல்லா அதைத் தடுக்காது. குல்லா தருவது இதம். வயதான உடம்புக்கு அந்த இதமே பெரிது.

இதற்காக நம் வீடுகளில் உடனே எடுப்பது மஃப்ளரும் சால்வையும் துப்பட்டாவும்தான். வண்டியில் போகிறவர்களுக்கு இவை மூன்றும் ஆகாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். கூடவே, அவற்றுக்குப் பதிலாக வீட்டிலேயே அரை மணி நேரத்தில் எதைத் தைக்கலாம் என்பதையும்.

தொங்கும் துணி

இசடோரா டங்கன் என்ற பெயரை மேல்வகுப்புப் பிள்ளைகள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்காவில் பிறந்த புகழ்பெற்ற நடனக் கலைஞர். 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரில் திறந்த காரில் ஏறிப் புறப்பட்டார். கழுத்தில் நீளமான பட்டுத் துணி. அதன் முனை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அங்கேயே உயிர் போயிற்று. கிட்டத்தட்ட நூறு ஆண்டுக்கு முந்தைய செய்தி இது. ஆனால் இதே காரணத்தால் நம் நாட்டில் இன்றும் பெண்கள் இறக்கிறார்கள். சக்கரம் மட்டும் பைக்குடையது, துணி துப்பட்டா.

துணி சக்கரத்தில் மாட்டினால் இழுத்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறோம். அதற்கு நேரம் கிடைக்காது. பைக் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஓடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஐந்தாறு சுற்று. கழுத்தைச் சுற்றிய இரண்டரை மீட்டர் துப்பட்டா முழுவதும் உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அரசுக்கும் இது தெரியும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 123ஆம் விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் இருக்க வேண்டும். அவருடைய உடை மாட்டிக்கொள்ளாதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும். அதைத்தான் ‘சாரி கார்டு’ என்கிறோம். பையன்கள் வண்டி வாங்கிய மறுவாரமே அழகு கெடுகிறதென்று முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான். உங்கள் வீட்டு வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மெக்கானிக்கிடம் சொல்லி முதலில் அதை மாட்டுங்கள், தையலெல்லாம் அப்புறம் ஆகட்டும். பின்னால் உட்காரும் சகோதரிகள் புர்காவின் கீழ்ப் பகுதியைச் சேர்த்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வேண்டும். துப்பட்டாவின் இரண்டு முனைகளையும் உள்ளே செருகிப் பின் குத்திக்கொள்ள வேண்டும். சாரி கார்டு இருந்தாலும் இது தேவை, அது பாதியைத்தான் மறைக்கிறது.

தொழிற்சாலைக்குள்ளும் இதே கதைதான். ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை பார்ப்பவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்திருந்தது. கழுத்தில் மஃப்ளரோடு லைனுக்குப் போனால் சூப்பர்வைசர் கழற்றச் சொல்வது கெடுபிடியால் அல்ல.

கழுத்து உறை

முனையே இல்லாத மஃப்ளர் என்று இதைச் சொல்லலாம். இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய், அவ்வளவுதான். தலை வழியாகப் போட்டுக் கழுத்தில் விட்டுக்கொள்ள வேண்டும். வேண்டும்போது மேலே இழுத்தால் வாயும் மூக்கும் காதும் மூடிக்கொள்ளும். பைக்கில் போகும் பையன்கள் கடையில் வாங்கிப் போடுகிறார்களே, அதேதான். ஆனால் கடைச்சரக்கு பெரும்பாலும் மெல்லியது. வெயிலுக்கும் தூசிக்கும் சரி, பனிக்குப் போதாது.

துணி ஃபிளீஸாக இருந்தால் நல்லது. மெத்தென்று, பஞ்சு பறந்த மாதிரி இருக்குமே, குழந்தைகளின் போர்வையில் வருவது. பெயரைக் கேட்டு ஆட்டு ரோமம் என்று நினைக்க வேண்டாம், அது பாலியெஸ்டர்தான். 1979இல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை கொண்டுவந்த துணி. எடை குறைவு, சீக்கிரம் காயும், வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. தையலுக்குப் புதியவர்களுக்கு இந்தக் கடைசிக் குணம் ஒரு வரப்பிரசாதம். ஓரம் மடிக்காவிட்டாலும் ஒன்றும் கெடாது. புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பிள்ளை வளர்ந்து மூலையில் கிடக்கும் ஃபிளீஸ் போர்வை ஒன்றிலிருந்து ஏழெட்டு உறை வரும். அதுவும் இல்லையா, பழைய டி-சர்ட்டின் பனியன் துணி போதும், இரட்டையாகத் தைத்துக்கொள்ளலாம்.

முதலில் துணி எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை இழுங்கள். அதிகம் இழுபடும் பக்கம்தான் தலையைச் சுற்றி வர வேண்டும். இதை மாற்றி வெட்டினால் தைத்து முடித்த பிறகு தலையில் நுழையாது. இன்னொரு சோதனை: அந்தப் பக்கமாக 8 அங்குலத்துக்குச் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு இழுங்கள். சிரமமில்லாமல் 10 அங்குலம் வந்தால் நல்ல இழுவை.

நெற்றியையும் காதுக்கு மேலாகவும் சுற்றி டேப் பிடித்துத் தலையை அளவெடுங்கள். பெரியவர்களுக்கு 22 அங்குலம் அளவில் வரும். நல்ல இழுவையுள்ள ஃபிளீஸ் என்றால் தலை அளவையே அகலமாக வைத்து, 22 அங்குல அகலம், 12 அங்குல உயரம் வெட்டுங்கள். தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் போய் 21 நிற்கும். போடும்போது லேசாக இழுபட்டு நுழையும், கழுத்தில் தொளதொளவென்று கிடக்காது. இழுவை குறைந்த துணி என்றால் 24 வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி மடித்து, 12 அங்குல ஓரங்களைச் சேர்த்து, அரை அங்குலம் உள்ளே தள்ளி ஒரே தையல். திருப்பிப் போட்டால் உறை தயார்.

பனியன் துணி ஃபிளீஸைவிட நன்றாக இழுபடும். ஆகவே அகலம் 20 போதும், உயரம் மட்டும் 24 வெட்டுங்கள். 24 அங்குல ஓரங்களைச் சேர்த்துக் குழாயாகத் தைத்து, நல்ல பக்கம் வெளியே வரும்படி பாதியாக உள்ளே மடித்தால் 12 அங்குல உயரத்தில் இரட்டைத் துணி. திறந்திருக்கும் ஓரங்கள் இரண்டையும் உள்பக்கமாக மடக்கி, ஒன்றாகச் சேர்த்துத் தைத்து மூடிவிடுங்கள். இந்தக் கடைசித் தையலைத் துணியை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டே போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் தடவை போடும்போதே பட்டென்று நூல் அறுந்துவிடும்.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கறுப்பு நிறத்துக் கால்மிதி மிஷின். நேர்த்தையல் மட்டும்தான் போடும். இழுபடும் துணியை அதில் தைக்க முடியாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். தாராளமாக முடியும். தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். பருத்தி நூலை விட்டுப் பாலியெஸ்டர் நூல் போடுங்கள், அது சற்று நீண்டு கொடுக்கும். ஊசிக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை வைத்துத் துணியை லேசாக இழுத்தபடி ஓட்டுங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் குற்றம் மிஷினில் இல்லை, ஊசியில். முனை கூரான சாதாரண ஊசி பனியன் துணியின் கண்ணிகளைக் குத்தி அறுத்துவிடும். தையல் சாமான் கடையில் பனியன் துணிக்கு என்று சொல்லி, முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசி, 14ஆம் நம்பர் கேட்டு வாங்குங்கள். மிஷினே இல்லாதவர்கள் கையால் பின்தையல் போடலாம். ஓட்டுத்தையல் மட்டும் வேண்டாம், அது இழுப்புக்கு நிற்காது.

தலையும் ஹெல்மெட்டும்

ஃபஜ்ருக்குப் போகும் பெரியவர்களுக்குக் காது மூடும் குல்லா தைக்கலாம். 22 அங்குலத் தலைக்கு, பதினொன்றரை அகலமும் பதினொன்றரை உயரமும் கொண்ட ஃபிளீஸ் துண்டுகள் இரண்டு. மேல் மூலைகளை அரைவட்டமாக வெட்டி, கீழ்ப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் தைத்தால் போதும். கீழே 3 அங்குலம் வெளிப்பக்கமாக மடித்து விட்டால் காதுக்கு இரட்டைத் துணி கிடைக்கும்.

பழைய ஸ்வெட்டர் ஒன்று கிடைத்தால் இன்னும் சுலபம். ஸ்வெட்டரின் அடிப்பக்கத்து ரிப் பட்டை குல்லாவின் அடியாக வரும்படி வைத்து வரைந்துகொள்ளுங்கள், மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். ஆனால் ஸ்வெட்டர் பின்னல் துணி, கத்தரி பட்டவுடன் கண்ணி கண்ணியாகப் பிரியும். எனவே வரைந்த கோட்டின் மேல் இரண்டு முறை தைத்துவிட்டு, கோட்டுக்குக் கால் அங்குலம் வெளியே தள்ளி அதன் பிறகே வெட்ட வேண்டும். வெட்டிவிட்டுத் தைப்பதல்ல, தைத்துவிட்டு வெட்டுவது.

இந்தக் குல்லாவைப் போட்டுக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட் மாட்டக் கூடாது. ஹெல்மெட் தலையைக் கவ்வி நிற்க வேண்டும். நடுவில் தடித்த துணி வந்தால் அது மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், பட்டையும் சரியாக மாட்டாது. விழும் நேரத்தில் கழன்றுவிடும். வண்டியில் போகிறவருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உள்ள ஹெல்மெட்தான் குல்லா. உள்ளே வேண்டுமானால் ஒற்றைப் பனியன் துணியில் மெல்லிய உறை ஒன்று போட்டுக்கொள்ளலாம். கையுறையும் அப்படித்தான். துணிக் கையுறை ஆக்சிலரேட்டரில் வழுக்கும், பிரேக் பிடிப்பது தெரியாது. வண்டிக்குக் கையுறையைக் கடையில் வாங்குங்கள், தைக்க வேண்டாம். நடந்து போகிறவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. கிழிந்த நீளமான காலுறையின் விரல் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, குதிகால் இருக்கும் இடத்தில் கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டால், மணிக்கட்டு வரை மூடும் உறை கிடைத்துவிடும்.

வயதானவர்களுக்கு ஃபிளீஸில் காலுறை தைத்துத் தரலாமா என்று தையல் பழகும் சகோதரிகள் கேட்கிறார்கள். ஆசை நல்லதுதான், ஆனால் எங்கள் பதில் வேண்டாம் என்பதே. டைல்ஸ் தரையில் அது சோப்பு மாதிரி வழுக்கும். இருட்டில் ஒளு செய்ய எழுந்து போகும் நேரத்தில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடமாடவே மாதக்கணக்காகும்.

பிள்ளைகளுக்கும் அடுப்படிக்கும்

கைக்குழந்தைக்குக் குல்லா தைக்கும்போது ஃபிளீஸ் வேண்டாம். பலமுறை துவைத்து மெதுவாகிப்போன பனியன் துணியே நல்லது. பிறந்த குழந்தையின் தலைச்சுற்று 13½ அங்குலம் அளவில்தான் இருக்கும். தையல் ஓரம் தலையை உறுத்தாதபடி வெளியே இருக்கட்டும். கட்டுவதற்கு நாடா, பட்டன், நூல் குஞ்சம் எதுவும் வேண்டாம். நாடா கழுத்தை இறுக்கும், பட்டனும் குஞ்சமும் வாய்க்குப் போகும். காதுப் பட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால், இழுத்தால் தானே விட்டுக்கொள்ளும் வெல்க்ரோ வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்து உறையும் தைக்க வேண்டாம். சறுக்கு மரத்திலும் ஜன்னல் கம்பியிலும் மாட்டிக்கொண்டால் அவர்களுக்குக் கழற்றத் தெரியாது.

பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள் என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா கூடாது. குழந்தையின் உடல் சூடு பெரும்பகுதி தலை வழியாகத்தான் வெளியேறுகிறது. அதை மூடிவிட்டால் சூடு கூடும், குல்லா முகத்தில் இறங்கினால் மூச்சும் அடைக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. எடை குறைவாகவும் குறைமாதத்திலும் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவமனையில் குல்லா போடச் சொல்வார்கள். அங்கே டாக்டர் சொல்வதுதான் சட்டம்.

அடுத்தது அடுப்படி. காலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு டிபன் கட்ட நாலு மணிக்கே எழுந்து கேஸ் பற்றவைக்கும் தாய்மார்கள், குளிருக்குச் சால்வையைப் போர்த்தியபடியே அடுப்பின் மேல் குனிகிறார்கள். ஃபிளீஸும் அக்ரிலிக் சால்வையும் நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதுதான், ஆனால் உருகி ஒட்டாது. அடுப்படியில் ஃபிளீஸ் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பழைய பருத்தி டி-சர்ட்டில் தைத்த, கழுத்தோடு ஒட்டிய இரட்டை உறையே அங்கே போதும். தொங்குவதற்கு முனையும் இல்லை.

டிசம்பர், ஜனவரியில் உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்கள் குல்லாவும் உறையும் தைத்து எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். மதீனாவில் ஜனவரி விடியலில் 12 டிகிரி வரை இறங்கும். நம் உடம்பு பழகாத குளிர், கட்டாயம் எடுத்துப் போங்கள். ஆனால் இஹ்ராமில் இருக்கும் ஆண்களுக்குத் தைத்த உடையும் தலையை மூடுவதும் இல்லை என்பதும், இஹ்ராமில் இருக்கும் பெண்கள் கையுறை அணிவதில்லை என்பதும் நீங்கள் அறிந்ததே. மற்ற விவரங்களை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இஹ்ராம் கலையும் வரை இவை பையிலேயே இருக்கட்டும்.

மிஷின் வாங்க வசதியில்லாத சகோதரிகளுக்கு ஒரு தகவல். விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள் ஆகியோருக்குத் தமிழக அரசின் ‘சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்’ இருக்கிறது. விண்ணப்பத்தை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் வீட்டுக்குத் தைத்தது போக ஒன்றிரண்டு கூடுதலாகத் தைக்க முடிந்தவர்கள் அவற்றை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுக்கலாம். இரவுக் காவல் வேலை பார்ப்பவர்களுக்கும், அறைகளில் நாலைந்து பேராகத் தங்கி வேலைக்குப் போகும் வெளிமாநிலச் சகோதரர்களுக்கும், எந்த மதத்தவர் என்று பாராமல், இன்ஷா அல்லாஹ் கொண்டு சேர்ப்போம். துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். ஃபிளீஸுக்கு வெந்நீரும் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். எத்தனை அங்குலத் தலைக்குத் தைத்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, ஊசியால் குத்தாமல், உள்ளே மடித்து வைத்துக் கொடுத்தால் எங்களுக்குப் பிரித்துக் கொடுக்க எளிதாக இருக்கும்.